ஏழுமுடக்கு ஏற்றம்

பரஞ்சோதி மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். இடது முழங்காலில் பழைய வலி. இவ்வளவும் வைத்துக்கொண்டு சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார், அதுவும் நீளமாக. அதனால்தான் கேட்கவில்லை.

கற்றுக்கொடுத்தவர் அமலோற்பவம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பரஞ்சோதியைவிடப் பல வயது இளையவர். பேச்சு குறைவு.

சனிக்கிழமைகளில் வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு வறட்டாற்றங்கரையோடு போவார். தென்னந்தோப்பு, கரும்பு, பிறகு வெறும் கரடு. வண்டித்தடம், ஆட்டுத்தடம், கப்பி ரோடு. தார் கண்ட இடத்தில் திரும்பிவிடுவார். தடித்த டயர், அதில் பாதிக் காற்று. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் வருவார்.

"டீச்சர் ஏன் எப்பவும் பின்னாடியே வர்றீங்க?" என்று முதல் நாளே பரஞ்சோதி கேட்டார்.

"விழுறவங்க முன்னாடிதானே விழுறாங்க."

அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததும் கொஞ்சம்தான். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சரளையில் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம், பின்சக்கரம் வழுக்கும். மலைத்தடத்தில் எதிரே சுமை வந்தால் இறங்கி நிற்க வேண்டும், மலைப்பக்கம் சுமைக்கு. அவ்வளவுதான் பாடம். மீதியைச் சரளை சொல்லிக்கொடுக்கும் என்றார்.

சொல்லிக்கொடுத்தது. ஆவணியில் ஒருநாள் டீச்சருக்குத் தெரியாமல் தனியாகப் போன பரஞ்சோதி வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்தார். ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தூக்கிவந்து வீட்டில் விட்டார்கள். மகன் பிரபா வேலை முடிந்து வந்தபோது குளியலறையில் வழுக்கியது என்றார் அப்பா. மகன் முழங்கையைப் பார்த்தான்.

"பாத்ரூம்ல ஏதுப்பா சரளை?"

 பரஞ்சோதிக்குப் பொய் வரும். நல்ல பொய்தான் வராது.

மகனுக்குப் பயம். நியாயமான பயம். சைக்கிளை விற்றுவிடலாம் என்றான். மதுரையில் ஒரு பல் டாக்டர் அதே மாதிரி சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் வாக்குவாதம். கடைசியில் அப்பாவே ஒரு பந்தயம் கட்டினார். ஏழுமுடக்கைக் கால் ஊன்றாமல் ஏறிக் காட்டுகிறேன். ஏறினால் இனி சைக்கிள் பேச்சை எடுக்கக் கூடாது. ஏறாவிட்டால் பல் டாக்டர் எடுத்துக்கொள்ளட்டும்.

மகன் ஒப்புக்கொண்டான். ஒரு நிபந்தனையோடு.

"நீங்க சொன்னா நம்பமாட்டேன். டீச்சர் சொல்லணும்."

ஏழுமுடக்கு என்பது ஆற்றிலிருந்து மேலக்காடு என்ற மலையூருக்கு ஏறும் கப்பி ரோடு. ஏழு இடத்தில் முறுக்கிக்கொண்டு திரும்பும். ஜீப் போய்ப்போய் இரண்டு பக்கமும் கெட்டித் தடம் விழுந்திருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிச் சரளை. தடத்தை விட்டால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. நின்றால் மறுபடி மிதித்துக் கிளப்ப முடியாது. அதைக் கால் ஊன்றாமல் ஏறியவர் அந்தக் கூட்டத்தில் டீச்சர் ஒருவர்தான்.

"கால் ஊன்றாம ஏற என்ன டீச்சர் செய்யணும்?"

"ஊன்றக் கூடாது."

பரஞ்சோதி மார்கழியிலிருந்து முயன்றார். முதலில் இரண்டாம் முடக்கு. பிறகு மூன்று. மாசியில் ஐந்து வரை போனார். ஐந்தாவதில் ஒவ்வொரு முறையும் கால் இறங்கியது. தானாக இறங்குகிறது என்றார். தானாக எதுவும் இறங்காது என்றார் டீச்சர்.

பங்குனியில் அடிவாரத்தில் சல்லி கொட்டினார்கள். தார் பீப்பாய்கள் வந்தன. திங்கட்கிழமை வேலை ஆரம்பம். தார் போட்ட பிறகு அது வெறும் ஏற்றம். அதில் ஏறினேன் என்று சொல்ல மகனிடம் பந்தயம் கட்டியிருக்கவே வேண்டாம்.

சைக்கிள்காரர்களுக்கு வருத்தம். ஆற்றங்கரை டீக்கடையில் ஒருவர் இந்த ரோட்டை இப்படியே விட்டுவைத்தால் என்ன என்று பெருமூச்சு விட்டார். கடைக்காரர் மேலக்காட்டில் பெண் எடுத்தவர். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நீங்க வாரத்துல ஒருநாள் ஏறுறீங்க. அவங்க தெனம் இறங்குறாங்க."

கடைசிச் சனிக்கிழமை. மற்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். டீச்சரும் பரஞ்சோதியும் மட்டும் ஏழுமுடக்குக்கு வந்தார்கள். அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். டயரில் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கினார். ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கிளம்புறேன் டீச்சர்."

"ம்."

முதல் மூன்று முடக்கும் பழகின இடம். அங்கே மூச்சைச் சேமித்தார். நான்காவதில் வெயில் முகத்தில் அடித்தது. மலைப்பக்கத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்துக்கு ஒரு முழம் அப்பால் மட்டும் பார்த்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்து மிதித்தார். ஐந்தாவது முடக்கு வந்தது. கால் இறங்கப் பார்த்தது. பல்லைக் கடித்தார். இறங்கவில்லை.

ஐந்தைத் தாண்டிவிட்டார். கீழே எங்கோ டீச்சரின் சக்கரத்தில் சரளை நொறுங்கும் சத்தம்.

ஆறாவது முடக்கில் எதிரே நான்கு பேர் வந்தார்கள். மூங்கிலில் போர்வை கட்டித் தூளி. தூளிக்குள் ஒருவர். இலவங்காய் பறிக்க மரம் ஏறியவர் காலையில் கிளையோடு வந்து விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு. ஜீப்பில் போட்டால் இந்தக் கப்பியில் குலுங்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போகும். அதனால் தோளில் வந்தார். ஆற்றுத் தரைப்பாலம் போன மழையில் உடைந்தது இன்னும் கட்டவில்லை. அக்கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இதெல்லாம் பரஞ்சோதிக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது மூங்கிலும் நான்கு பேரும்தான்.

அவர்களும் அதே மலைப்பக்கத் தடத்தில்.

இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் பாடம். கால் ஒரு கணம் பெடலில் தயங்கியது. வண்டி ஆடியது.

முன்னால் மூங்கிலைத் தாங்கி வந்தவர் வீரணன். அவருக்கே ஐம்பது இருக்கும். சைக்கிள் ஆடுவதைப் பார்த்தார். கிழவர் முகத்தையும் பார்த்தார்.

"நீங்க போங்கண்ணே. நாங்க ஒதுங்கிக்கிறோம்."

நான்கு பேரும் பள்ளத்துப் பக்கம் நகர்ந்தார்கள். உதிரிச் சரளையில் கால் வைத்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தூளிக்குள்ளிருந்து ஒரு குரல், வலியில் மெலிந்தது, ஆனாலும் அடங்காதது.

"யாருப்பா அது, ஏன் நிப்பாட்டினீங்க?"

"ஒரு அண்ணன் சைக்கிள் ஏத்துறாரு. நீ சும்மா கெட சடையா."

"சைக்கிளா? மோட்டாரு இல்லையா? என்ன பாவம் பண்ணினாரோ."

பரஞ்சோதி மெதுவாகத்தான் ஏற முடிந்தது. நடக்கிறவன் வேகம்கூட இல்லை. அந்த நான்கு பேரையும் கடக்க வெகுநேரம் ஆனது மாதிரி இருந்தது. நன்றி என்று சொல்ல மூச்சு இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் சரளை சரிகிற சத்தம் கேட்டது. யாரோ 'ஸ்' என்றார்கள். திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவார். திரும்பவில்லை.

ஏழாவது முடக்கு அவ்வளவு கடினம் இல்லை. அல்லது அவருக்குக் கடினமாகத் தோன்றவில்லை. மேலே கோயில் வேம்பு தெரிந்தது. வேம்படியில் போய்த்தான் கால் ஊன்றினார்.

ஊரில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு நாய் பார்த்தது. கோழிகள் பார்த்தன. பரஞ்சோதி சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நெஞ்சு அடங்கியதும் சிரித்தார். பிரபாவின் முகத்தை நினைத்துப் பார்த்து இன்னொரு முறை சிரித்தார்.

டீச்சர் வந்து சொன்னால் போதும்.

டீச்சர் வரவில்லை.

தண்ணீர் குடித்தார். நிழல் நகர்ந்தது. டீச்சர் விழுகிற ஆள் இல்லை. சங்கிலி அறுந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து சைக்கிளைத் திருப்பினார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். ஆறாவது முடக்கில் யாரும் இல்லை. ஓரத்தில் சரளை கீழே சரிந்து புது மண் தெரிந்தது.

நான்காவது முடக்கில் எட்டிப்பிடித்தார்.

தூளியின் பின் மூங்கிலில் டீச்சர் இருந்தார். துப்பட்டாவைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார். அந்த இடத்தில் முதலில் இருந்தவன் தவசி என்கிற பையன். கணுக்கால் பிசகி, டீச்சர் சைக்கிளை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான். பையன் என்றால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மலையில் இவனை இன்னும் பையன் என்றுதான் சொல்கிறார்கள்.

பரஞ்சோதியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. உச்சி போய்ச் சேர்ந்தாரா என்று வீரணன் விசாரித்தார். சேர்ந்தேன் என்றார். நல்லது என்றார் வீரணன். தூளிக்குள்ளிருந்த சடையன்தான் விடவில்லை.

"மேல போனீங்களே, எங்க வீட்டுக் கோழியப் பாத்தீங்களாண்ணே? கழுத்துல மயிரே இருக்காது."

"பார்த்தேன்."

"உசுரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி. அடுப்புக்குப் போறதுக்குள்ள நான் திரும்பிடணும்."

பரஞ்சோதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"தோள்?"

பரஞ்சோதி சைக்கிளை அவரிடம் கொடுத்தார். மூங்கிலுக்கு அடியில் போனார். டீச்சர் தன் துப்பட்டாவை அவர் தோளில் வைத்துவிட்டு விலகினார்.

மில்லில் பஞ்சுப் பொதி தூக்கிய தோள்தான். ஆனால் பொதி முனகாது. இங்கே ஒவ்வொரு அடிக்கும் காலை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கல் உருண்டால் மூங்கில் குதித்தது, மூங்கில் குதித்தால் உள்ளே சடையனின் மூச்சு நின்று மறுபடி வந்தது. பேச்சும் நின்றுபோனது.

இரண்டாம் முடக்கில் தோள் மாற்ற நின்றார்கள். நடக்கும்போது தோளில் இருந்த கனம், நின்றதும் முதுகுவழியாக இறங்கி முழங்காலில் வந்து உட்கார்ந்தது. சரளை காலடியில் நழுவிக்கொண்டே இருந்தது. பரஞ்சோதி விரல்களைச் செருப்புக்குள் மடக்கி நிலத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம்ப்பா," என்றார், அவரை அறியாமல்.

"ஆமாண்ணே," என்றார் வீரணன். "நடந்தாக்கூடத் தேவலை. நிக்கத்தான் முடியாது."

ஆற்றில் முழங்காலளவு தண்ணீர். இறங்கிக் கடந்தார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரை நீட்டினார்கள். சடையனோடு அவன் மச்சான் ஏறிக்கொண்டான். தவசியையும் காலைக் காட்டிவிட்டு வரச் சொல்லி ஏற்றிவிட்டார் டீச்சர். வண்டி போனது. வீரணனும் மிச்சமிருந்த ஒருவரும் டீக்கடை வாசலில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். திங்கட்கிழமை தார் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம், போகலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். பரஞ்சோதியின் தோளில் தோல் வழன்று சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரையில் சிக்னல் உண்டு. போன் அடித்தது. பிரபா.

பரஞ்சோதி எடுத்தார். என்னாச்சு என்று மகன் கேட்பது வெளியே கேட்டது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சரிடம் நீட்டினார்.

"பிரபா. சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் வாங்கவில்லை.

"என்ன சொல்ல?"

"நான் கால் ஊன்றலன்னு."

"நீங்க ஊன்றல."

"அதத்தான் சொல்லச் சொல்றேன்."

"அங்க எட்டுக் கால் ஊன்றி நின்னுச்சு. அத யார் சொல்றது?"

பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. நியாயமும் இருந்தது. அதைக் குரல் தாழ்த்திச் சொன்னார், வீரணன் காதில் விழாதபடி.

"அவங்கதானே போகச் சொன்னாங்க."

"ஆமா," என்றார் டீச்சர். "அவங்க சொல்வாங்க."

போனுக்குள் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்பா. அப்பா. ஹலோ. பரஞ்சோதி வீரணனைப் பார்த்தார். வீரணன் பீடியை அணைத்துவிட்டு, ஈரப் போர்வையை உதறிப் பிழிந்து, மூங்கிலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஏறிப் போக வேண்டும் அவருக்கு.

பரஞ்சோதி போனைக் காதில் வைத்தார்.

"பிரபா. முடியலடா."



"எதுலப்பா? அஞ்சாவதுலயா?"

"இல்ல. ஆறாவதுல."

"அஞ்சத் தாண்டிட்டீங்களா?" மகன் குரலில் ஒரு சந்தோஷம் வந்து, உடனே ஒளிந்துகொண்டது. "டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க. அவங்கள எதுக்குக் கேக்கிற? நான்தான் சொல்றேன்ல."

"சரிப்பா."

"டாக்டருக்குச் சொல்லிடு. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கட்டும்."

வைத்துவிட்டார். டீச்சர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். தன் சைக்கிளை எடுத்தார். இருவரும் ஆற்றங்கரைத் தடத்தில் வீட்டுப் பக்கம் கிளம்பினார்கள். பரஞ்சோதி முன்னால். டீச்சர் பின்னால்.  சரளை மட்டும் நொறுங்கிக்கொண்டு வந்தது.

தோப்பில் பரஞ்சோதி நின்றார். காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். வரலாமா என்று அவர் கேட்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமை எங்க டீச்சர்?"

"மேலக்காடு தாண்டி. ஆறு பொறக்கிற இடம்."

"எங்கிட்ட சைக்கிள் இருக்காது."

"தெரியும்."

"அப்ப எப்படி வர்றது?"

"நடந்து வாங்க."